மேற்கோள்களைத் தொகுத்து வேர்டில் சேர்த்துத் தரும் ஸோட்டெரோ மென்பொருளில் ஒரே ஆசிரியர் பெயர் சில இடங்களில் இனிஷியலோடு வருகிறது, ஓரிடத்தில் இனிஷியல் மட்டும் வருகிறது. ஏபிஏ என்ற மேற்கோள் நடையில் இதை எப்படிச் சரிசெய்வது?

முதலில், வேர்டு கோப்பில் கை வைக்காதீர்கள். நான் வைத்துப் பட்டவன்.

என் ஆய்வேட்டில் "(க. கைலாசபதி, 1968)" என்று வந்த இடங்களில் எல்லாம் அந்தக் "க."வை உட்கார்ந்து அழித்தேன். இந்த மேற்கோளை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், அப்படியே வைக்கட்டுமா என்று ஸோட்டெரோ கேட்டது. ஒவ்வொரு முறையும் "ஆம்" கொடுத்தேன். அந்த மேற்கோள் இனிமேல் தானாக மாறாது என்று அதே பெட்டியில் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்! பிறகு நெறியாளர் ஏபிஏ வேண்டாம், சிகாகோவின் ஆசிரியர்-ஆண்டு முறைக்கு மாற்று என்றார். மற்றவை எல்லாம் காற்புள்ளி இல்லாமல் ஒழுங்காக மாறின. நான் திருத்தியவை மட்டும் காற்புள்ளியோடு அசையாமல் நின்றன.

கோளாறு நடையில் இல்லை, ஸோட்டெரோவில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் நூலகத்தில் இருக்கிறது. ஒரே குடும்பப்பெயரில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால், ஏபிஏ விதிப்படி இனிஷியல் போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு பதிவில் "க. கைலாசபதி", இன்னொன்றில் "கனகசபாபதி கைலாசபதி" என்று இருந்தால் மென்பொருள் இருவர் என்றே எடுத்துக்கொள்ளும். எல்லாப் பதிவுகளிலும் பெயரை ஓர் எழுத்து, ஒரு புள்ளி பிசகாமல் ஒரே மாதிரி ஆக்குங்கள். பிறகு வேர்டில் ஸோட்டெரோ பட்டையில் உள்ள "ரெஃப்ரெஷ்" பொத்தானை அழுத்தினால் போதும்.

இனிஷியல் மட்டும் வரும் "(க., 1968)" நம் பெயர்களுக்கே உரிய தொல்லை. "கைலாசபதி க" என்றிருப்பதை இறக்குமதி செய்யும்போது கடைசியில் நிற்கும் "க"வைக் குடும்பப்பெயர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயரின் மேல் வலது சொடுக்குச் செய்தால் முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் இடம் மாற்றும் வசதி கிடைக்கும். தமிழ்ப் பெயரில் குடும்பப்பெயரே கிடையாதே என்று வாதாடிப் பயனில்லை. அவரை எந்தப் பெயரால் அழைப்போமோ அதைக் குடும்பப்பெயர் கட்டத்திலும், இனிஷியலை முதற்பெயர் கட்டத்திலும் போடுங்கள்.

நிறுவனங்களுக்கு இரண்டு கட்டமே வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உலக சுகாதார நிறுவனத்துக்கும் இனிஷியல் முளைத்துவிடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து இங்கேதான் இடறுவீர்கள்: "கைலாசபதி (1968) சொல்வதுபோல" என்று பெயர் வாக்கியத்துக்குள் வர வேண்டுமானால், பெயரை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிறகு மேற்கோளைச் சேர்க்கும் பெட்டியில் அதன் குமிழைச் சொடுக்கி, ஆசிரியரை விட்டுவிடும் "ஆமிட் ஆதர்" கட்டத்தில் குறியிடுங்கள். அடைப்புக்குள் ஆண்டு மட்டும் நிற்கும்.

ஏற்கெனவே கையால் திருத்தியவை இருந்தால் அவற்றை அழித்துவிட்டு மறுபடி சேருங்கள். எனக்கு அதற்கு ஒரு முழு இரவு பிடித்தது.