ஒரு பக்க ரேண்டம் டேபிளை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஆர்பிஜி விளையாட முடியுமா? அது விளையாட்டுதானா?

முடியும். விளையாட்டுதான். (புதிதாக வருகிறவர்களுக்கு: ஆர்பிஜி என்பது ஒரு கேரக்டராக இருந்து, பகடை உருட்டி, கதையை நகர்த்தும் விளையாட்டு. ரேண்டம் டேபிள் என்பது பகடையில் விழும் எண்ணுக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் பட்டியல்.) முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கேள்வியின் விவரத்தில், "பெரிய புத்தகம் வாங்கணுமா, ஒரு பக்கம் போதுமா? நாமே கேட்டு நாமே பதில் சொல்லிக்கொள்வதை எப்படி விளையாட்டு என்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்த நிலைமையாகத்தான் இருக்கும். ஒரு குழு இருந்தது, சனிக்கிழமை ராத்திரி டிஸ்கார்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி ஓடியது. ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவர் கனடா போய்விட்டார், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு வேலை மாறியது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பதோடு குரூப் நின்றுவிட்டது. எனக்கு அப்படித்தான் ஆனது. கோவையில் ஒரு பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன், மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். எனக்கு நேரம் கிடைப்பது வாரநாளில் காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்துக்கு எந்தக் குழு கூடும்?

"குழு இல்லாத சோகத்தில் கண்டுபிடித்த மாற்று ஏற்பாடு" என்று தனி ஆட்டத்தைப் பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974இல். அடுத்த வருடமே, 1975 வசந்தத்தில், 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' இதழின் முதல் எண்ணில், தனியாக நிலவறையில் இறங்கி விளையாடுவதற்கான ரேண்டம் டேபிள்களை, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே கொடுத்துவிட்டார். வழி எங்கே திரும்புகிறது, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எல்லாம் பகடையே சொல்லும். ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்காக 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் முதல் பின்னிணைப்பும் ரேண்டம் நிலவறை டேபிள்கள்தான். 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆர்பிஜி, தன்னை விளையாடும் வழிகளில் ஒன்றாகத் தனி ஆட்டத்தையும் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பொழுதுபோக்குக்கு என்ன வயதோ, தனி ஆட்டத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

சரி, கருவிக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது கார்ல் ஹெண்ட்ரிக்ஸ் எழுதிய ஒன் பேஜ் சோலோ எஞ்சின், கேம் மாஸ்டர் இடத்தில் இருந்து நம் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு பக்கத் தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு ஆறுமுகப் பகடையும் ஒரு சீட்டுக்கட்டும் போதும். ஆம்-இல்லை கேள்விக்கு ஒரு பகடை: வாய்ப்பு அதிகம் என்றால் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் 'ஆம்', சரிபாதி என்றால் 4 அல்லது அதற்கு மேல், குறைவு என்றால் 5 அல்லது அதற்கு மேல். இரண்டாவது பகடையில் 1 விழுந்தால் பதிலோடு ஒரு "ஆனால்" ஒட்டிக்கொள்ளும், 6 விழுந்தால் "அதோடு". ஆக, மூன்றில் ஒரு பதில் வெறும் ஆம், இல்லையோடு நிற்காது. என்ன நடக்கிறது என்றே தெரியாதபோது சீட்டு எடுக்க வேண்டும். எண் ஒரு செயலையோ பொருளையோ சொல்லும். இனம் அது எந்தத் தளத்தில் நடக்கிறது என்று சொல்லும்: கிளாவர் உடல், டைமண்ட் தொழில்நுட்பம், இஸ்பேட் மாயம், ஆட்டின் உறவு. 52 சீட்டில் அடுத்தடுத்து இரண்டு எடுத்தால் 2,652 ஜோடி வரும். "ஒரு பக்கத்தில் என்ன பெரிதாக இருந்துவிடும்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். (எங்கள் அம்மாவுக்குச் சீட்டுக்கட்டைக் கண்டாலே ஆகாது. காசு வைத்து ஆடவில்லை என்று புரிய வைத்த பிறகுதான் அது மேசை மேல் வந்தது.)

இது விளையாட்டா என்று கேட்டீர்களே, அதற்கு நடந்ததைச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

விதிகளுக்கு கெய்ர்ன் என்ற ஆர்பிஜியை வைத்திருந்தேன். யோகாய் கால் எழுதியது, இலவசம், சின்னது. வலு, லாவகம், மனவுறுதி என்று மூன்றே எண்கள். ஆபத்து வந்தால் இருபதுமுகப் பகடையை உருட்டி உங்கள் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ போட வேண்டும். என் கேரக்டர் இல்சா, கூலிக்கு வழித்தடம் பார்க்கிறவள். காட்டோர மடாலயத்தின் மணி திருடு போய்விட்டது, கண்டுபிடித்துக் கொடு என்று மடாதிபதி அவளை அனுப்பியிருந்தார். தடம் ஒரு ஆற்றுத்துறையில் போய் முடிந்தது. அங்கே ஒரு படகோட்டி. என் மனதில் இருந்த கதை இதுதான்: அவன் திருடன் போன திசையைக் காட்டுவான், இல்சா துரத்துவாள், சண்டை நடக்கும்.

"திருடன் இந்தப் பக்கம் வந்தானா?" என்று கேட்டேன். தடமே அங்கேதான் போகிறது, அதனால் வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டேன். விழுந்தது 1. இரண்டாவது பகடையில் 6. "இல்லை, அதோடு..."

அதோடு என்ன? சீட்டை எடுத்தேன். செயலுக்கு இஸ்பேட் ஜாக்கி: காப்பாற்று, மாயத் தளத்தில். பொருளுக்கு ஆட்டின் நாலு: ஊர், உறவுத் தளத்தில்.

பேனாவை வைத்துவிட்டு அந்த இரண்டு சீட்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருடனே இல்லை. ஊர்க்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாக மணியைக் கொண்டுவந்து ஆற்றில் இறக்கியிருக்கிறார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பதில் கொடுத்திருக்கிறது. ஊரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள், படகு கொடுத்தவன் இவன். இப்போது இல்சாவின் கையில் மடாதிபதியின் முன்பணம் இருக்கிறது, எதிரே ஒரு ஊரே இருக்கிறது. திரும்பிப் போய் "கிடைக்கவில்லை" என்று பொய் சொல்லத் தீர்மானித்தாள். அவள் மனவுறுதி 9. உருட்டியதில் 17. மடாதிபதி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

இதை நான் எழுதினேனா? அந்தத் திருப்பம் என் தலையில் இல்லவே இல்லை, நான் துரத்தல் காட்சிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். தாளிலும் அது கிடையாது, அங்கே இருந்தது "காப்பாற்று", "ஊர்" என்ற இரண்டு சொல்தான். என் விருப்பத்துக்குப் பகடை மறுப்புச் சொன்னது, அந்த மறுப்பை நான் மதித்தேன். அந்தப் பொய் பலிக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாலும் 17 என்பது 17தான். தோற்கக்கூடிய இடம் இருக்கும்போது அதை விளையாட்டு என்று சொல்ல இன்னும் என்ன வேண்டும்?

இப்போது சிலர் "மைதிக் தெரியாமல் பேசுகிறீர்கள்" என்று வருவார்கள். தெரியும். டானா பிஜனின் மைதிக், தனி ஆட்டத்துக்கும் பயன்படும் பெரிய கருவி, 2003இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2023இல். கதை எவ்வளவு குழம்பியிருக்கிறது என்று காட்டும் கேயாஸ் ஃபேக்டர் 1 முதல் 9 வரை ஏறி இறங்குவதும், 11, 33 போல ஒரே இலக்கம் இரண்டு முறை விழும்போது எதிர்பாராத நிகழ்வு நுழையக்கூடியதும் அருமையான யோசனைகள். மாதக்கணக்கில் ஒரே கதையை ஓட்டுகிறவர்கள் கட்டாயம் அதற்குப் போகலாம். ஆனால் தூங்கி எழுந்து, அடுத்த ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கும் எனக்கு, பக்கம் புரட்டாமல் ஒரே பார்வையில் எல்லாம் தெரிய வேண்டும். சாட்பாட்டிடம் கேளுங்களேன் என்றும் சொல்வார்கள். கேட்டுப் பார்த்தேன், நான் எந்தப் பக்கம் சாய்கிறேனோ அதுவும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

கொஞ்ச நாள் போனதும் சொந்தமாக டேபிள் எழுதுங்கள். இரண்டு பகடையைக் கூட்டிப் பார்க்கும் டேபிளில் 7 விழ 36இல் 6 வாய்ப்பு, 2 விழ 36இல் 1தான். அதனால் காட்டில் சாதாரணமாக நடப்பதை நடுவில் வையுங்கள், அபூர்வமானதை 2க்கும் 12க்கும் தள்ளுங்கள். பெயர்ச்சொல்லை மட்டும் எழுதிவிடாதீர்கள். "ஓநாய்" என்று இருந்தால் சண்டைதான் வரும். "ஓநாய், எதற்கோ பயந்து ஓடிவருகிறது" என்று இருந்தால் அடுத்த கேள்வி அதுவாகவே பிறக்கும். இந்த மாதிரி ஆறு வரி, நூறு வெறும் பெயர்கள் கொண்ட பட்டியலைவிட நிறைய நாள் வரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தனியாக இருப்பவர் செய்கிற எதையும் ஏன் யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை? எங்கள் இடத்தில் தீபாவளி, பொங்கல் ரோஸ்டர் போடும்போதெல்லாம் என் பெயர்தான் முதலில் விழும். "உனக்கென்ன, வீட்டில் பிள்ளையா குட்டியா" என்பார்கள். கல்யாணம் ஆகாதவளின் லீவு லீவு இல்லையா? அவர்கள் குழந்தையோடு பட்டாசு வெடிக்கும் நேரத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு, நான் கதவைச் சாத்திக்கொண்டு இல்சாவோடு ஆற்றுத்துறையில் நிற்கும் நேரத்துக்கும் உண்டு. பண்டிகை டியூட்டி பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. முறை வைத்துப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

தொடங்குவதற்கு கெய்ர்ன், ஒன் பேஜ் சோலோ எஞ்சின், ஒரு கோடு போடாத நோட்டு, அவ்வளவு போதும். எந்தப் பதில் வந்தாலும் கதை நகரும் என்றால் மட்டும் பகடையிடம் கேளுங்கள், பதில் தெரிந்ததைக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். முதலில் விழுந்ததை மாற்றாதீர்கள். அப்புறம், ரம்மி பழக்கத்தில் ஜோக்கருக்கு வேறு வேலை கொடுத்துவிட வேண்டாம். இங்கே அது வந்தால் கட்டைக் கலைத்துவிட்டு எதிர்பாராத நிகழ்வு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.