மேடம் பக்கத்துல வந்து நின்னாலே கை நடுங்குது!

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி நர்சிங் செகண்ட் இயர். ஸ்கில் லேப்ல பொம்மைக்கு ஊசி நல்லாதான் போடுறேன், வார்டு போஸ்டிங்ல சொல்லிக் குடுக்கிற மேடம் பக்கத்துல வந்து நின்னாலே எல்லாம் மறந்துபோகுது. போன வாரம் பேஷண்ட் முன்னாடியே "உன்னையெல்லாம் யாரு நர்சிங் எடுக்கச் சொன்னா"ன்னு கத்திட்டாங்க. எனக்கு இந்தப் படிப்பு செட் ஆகாதா? - ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்படியெல்லாம் முடிவு பண்ணாத தங்கச்சி. வார்டுல முதல் அனுபவமும் தப்பு பண்ணிடுவோமோங்கற பயமும்தான் நர்சிங் ஸ்டூடண்ட்ஸுக்கு ரொம்ப டென்ஷன்னு அமெரிக்காவுல 1990லயே ஆய்வு வந்தாச்சு. கனடாவுல நாக்ஸ், மோகன்னு ரெண்டு பேரு 1985ல கிளினிக்கல் டீச்சர, அதாவது வார்டுல சொல்லிக் குடுக்கிறவங்கள, எடை போட 48 பாயிண்ட் எழுதினாங்க, அத அஞ்சு தலைப்புல பிரிச்சிருக்காங்க: பாடம் எடுக்கிற திறமை, நர்சிங் திறமை, குறை நிறை சொல்ற விதம், பழகுற விதம், குணம். பாரு, கை சுத்தமா வேலை தெரிஞ்சா மட்டும் போதாது, கடைசி ரெண்டும் சுத்தமா மனுஷ விஷயம்.

ஒரு ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்கப் போடுற மருந்து) கணக்கு எடுத்துக்கோ, மருந்து பாட்டில்ல 1 மில்லிக்கு 5000 யூனிட், டாக்டர் ஆர்டர் 2500 யூனிட், அப்போ 0.5 மில்லி. நல்ல இன்ஸ்ட்ரக்டர் இத ட்ரீட்மெண்ட் ரூம்லயே "எவ்ளோ எடுக்கப்போற, எப்படி வந்துச்சு"ன்னு கேட்டு முடிச்சிடுவாங்க, பெட்கிட்ட வந்தா சும்மா நிப்பாங்க. இன்னொருத்தர் ஊசிய கையில வச்சிருக்கும்போது, பேஷண்டோட அம்மா பாத்துட்டு இருக்கும்போது கேப்பாங்க, தெரிஞ்ச பதிலும் வராது, அதவிட மோசம் என்னன்னா அடுத்த தடவ டவுட் வந்தா அந்தப் பொண்ணு வாயே தொறக்காது, குத்துமதிப்பா எடுத்துடும். திட்டு வாங்குறது உனக்கு, ரிஸ்க் பேஷண்டுக்கு.

அதுக்காக ஸ்ட்ரிக்ட்டா இருக்கிறவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு நினைக்காத. சிரிஞ்சுல தப்பான டோஸ் எடுத்திருந்தா மேடம் அத பிடுங்கத்தான் செய்யணும், அப்ப மூஞ்சிய தூக்கி வச்சுக்காத. "உன்னையெல்லாம் யாரு எடுக்கச் சொன்னா"ங்கறதுதான் வேற கேஸ், அதுல எந்த ப்ரொசீஜரும் நீ கத்துக்கல.

நாளைக்கு கணக்க பேப்பர்ல போட்டு, மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி நீயே போய் காட்டு. ட்யூட்டி முடிஞ்சதும் தனியா "மேடம், தப்புன்னா சொல்லுங்க, பேஷண்ட் முன்னாடி மட்டும் வேணாம்"னு கேளு, முக்கால்வாசி பேரு கேப்பாங்க. கேக்கலன்னா இன்டர்னல் மார்க்குக்கு பயந்து தனியா அழாத, அதே போஸ்டிங்ல இருக்கிற பசங்களோட சேந்து கிளாஸ் கோஆர்டினேட்டர்கிட்ட எழுதிக் குடு.

கேள்வி: நான் புதுசா சேந்த கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் மேடம். 10 பேரு ஆளுக்கொரு மூலையில நிக்கிறாங்க, கத்தலன்னா வேலை நடக்கல, என்ன பண்றது? - ஒரு வாசகி, சேலம்

பதில்: காலையில வார்டுக்குள்ள விடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிக்க வச்சு யாருக்கு எந்த பெட், யாரு என்ன ப்ரொசீஜர்னு பிரிச்சுக் குடுத்துடுங்க, பாதி சத்தம் அங்கயே குறையும். முதல் தடவ நீங்களே செஞ்சு காட்டுங்க. லாக் புக்ல (செஞ்ச ப்ரொசீஜர எழுதுற நோட்டு) சைன் போடமாட்டேன்னு மிரட்டுறத மட்டும் விட்டுடுங்கம்மா.