மருத்துவர் பதில்: எண்ணைப் பாருங்கள், வாட்ஸ்அப்பை அல்ல

கேள்வி: என் கணவருக்கு வயது 61, நீண்ட நாளாகச் சர்க்கரை. ஐந்து நாளாகக் காய்ச்சல், இருமல், டெஸ்ட்டில் கோவிட். இது புதிதாக உருமாறியதாம், தடுப்பூசிக்கு அடங்காதாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 2021-இல் என் தம்பியை இதே நோய்க்குப் பறிகொடுத்தோம். வீட்டில் பழைய பிரெட்னிசோன் மாத்திரை மிச்சம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஐவர்மெக்டினும் கொடுத்தார். கொடுக்கலாமா? பூஸ்டர் ஊசி போடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

இரண்டையும் கொடுக்காதீர்கள் அம்மா. அதற்குப் பதில் இன்றே பார்மசியில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்குங்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்னக் கருவி.

இந்த நோய் மோசமாவதாக இருந்தால், பெரும்பாலும் அறிகுறி தொடங்கியதிலிருந்து ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில்தான் மோசமாகும். டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். 2021-இல் பலர் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வந்ததற்குக் காரணம், ஆக்சிஜன் இறங்கிய பிறகும் அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை. பேசினார்கள், டீ குடித்தார்கள். ஆகவே 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்பதை நம்பாதீர்கள்.

ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டுங்கள். மாட்டியதும் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து நிலையாக நிற்கும் எண்ணைக் குறியுங்கள். நாளுக்கு நான்கு முறை. 95-உம் மேலும் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். 94, 93 என்றால் அன்றே டாக்டர். 92-உம் கீழும் என்றால் நேரே ஆஸ்பத்திரி. நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு. சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே சாயுங்கள். (இது கடலோர டர்பனுக்கான கணக்கு. ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் நல்ல உடம்புக்கே ஓரிரு எண் குறையலாம்.)

உட்கார்ந்திருக்கும்போது 95-உம் மேலும் இருந்தால் மட்டும் அறைக்குள் நாற்பது காலடி நடக்க வைத்து மறுபடி பாருங்கள். மூன்று எண்ணோ அதற்கு மேலோ இறங்கினால் காத்திருக்க வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு குழறினால், ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதாவிட்டால் கருவியைத் தேடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

பிரெட்னிசோன் ஸ்டீராய்டு. கோவிட்டில் ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றியது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. 2020-இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலாகவும் இருக்கலாம் என்றே அதே ஆய்வு காட்டியது. உங்கள் கணவருக்கு அது சர்க்கரையையும் ஏற்றிவிடும். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பதால் சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை 15-ஐ (mmol/L கணக்கில்) தாண்டினால் டாக்டருக்குப் போன். இன்சுலின் போடுபவரானால், சாப்பிட முடியவில்லை என்று தானாக நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மினோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையோ எடுப்பவர், வாந்தி வந்தால் அதையும் உடனே சொல்ல வேண்டும்.

ஐவர்மெக்டின் குடல் பூச்சி போன்ற ஒட்டுண்ணிகளுக்கான மருந்து. பெரிய ஆய்வுகளில் கோவிட்டுக்கு அது உதவவில்லை. நம் நாட்டில் சிறப்பு அனுமதியில் தந்து பார்த்தார்கள். 2022-இல் அந்த அனுமதியும் முடிந்தது. மாட்டு மருந்துப் புட்டியிலிருந்து அளந்து குடித்தவர்களும் உண்டு. அதைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

உருமாற்றமா? பீட்டா என்ற உருமாறிய வகையை 2020-இல் கண்டு சொன்னதும், 2021 நவம்பரில் ஓமிக்ரானைப் பற்றி உலகத்துக்கு எச்சரித்ததும் நம் ஊர் ஆய்வகங்கள்தான். இப்போது சுற்றுவதெல்லாம் ஓமிக்ரானின் பேரன் பேத்திகள். எந்த வகை என்பது ஆய்வகத்தில் மரபணு பார்த்தால்தான் தெரியும். வாட்ஸ்அப்புக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் மேலே சொன்ன எதுவும் மாறாது. தடுப்பூசி தொற்றைத் தடுப்பதில் சீக்கிரம் தளர்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பதில் அதைவிட நாள் நிற்கிறது. பூஸ்டர் இப்போது வேண்டாம். குணமாகி மூன்று மாதம் போகட்டும், பிறகு கிளினிக்கில் கேளுங்கள்.

வாசனை தெரியாதது, மூன்று வார வறட்டு இருமல், அசதி – விடுங்கள், பெரும்பாலும் தானாகப் போகும்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் எண் குறித்த தாளையும் எல்லா மாத்திரை டப்பாக்களையும் எடுத்துப் போங்கள். ஐவர்மெக்டின் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், என்னைத் தவிர.