பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைக் கணினியில் மாட்டலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீடு. ஹாலில் படம் பார்க்கவென்றே ஒரு கணினி, எச்டிஎம்ஐயில் டிவியோடு இணைந்திருக்கிறது. பழைய 5.1 செட்டின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) டிவிடி பெட்டி செத்துவிட்டது, ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கின்றன. கணினியின் பச்சை ஓட்டையில் நேராகக் கொடுத்தால் சத்தம் முனகுகிறது. நண்பரின் சின்ன ஆம்ப்ளிஃபையரில் (ஆம்ப்) மாட்டினால் 'ம்ம்ம்' என்று இரைச்சல்.

பதில்: முனகத்தான் செய்யும். இந்த மாதிரி செட்டில் ஆம்ப் இருப்பது அந்த டிவிடி பெட்டிக்குள். பச்சை ஓட்டை தருவது ஒன்றிரண்டு வோல்ட் சிக்னல் மட்டுமே, ஸ்பீக்கரைத் தள்ளும் கரண்ட் அதில் கிடையாது. அப்படியே விட்டுவைத்தால் சவுண்ட் சிப்புக்கும் நல்லதல்ல.

ஆம்ப் வாங்குமுன் ஸ்பீக்கரின் முதுகில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை ஓம் என்று பாருங்கள். 4 ஓமும் அதற்கு மேலும் என்றால் டிபிஏ3116 சிப் வைத்த ஸ்டீரியோ ஆம்ப் போதும். அதற்கு 24 வோல்ட் அடாப்டர். பச்சை ஓட்டையிலிருந்து ஆம்புக்கு 3.5 மில்லிமீட்டர் வயர், ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். சிவப்பு, கறுப்பு ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் எனும் கனத்த ஒலி காணாமல் போகும்.

ஐந்தும் பேச வேண்டுமென்றால் ஏவி ரிசீவர்தான் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஆம்ப் உள்ள பெட்டி) வழி. கணினி எச்டிஎம்ஐயை ரிசீவருக்கும், ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டை டிவிக்கும் கொடுங்கள். ஆப்டிகல் வயரில் ஸ்டீரியோவோ, சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலியோதான் போகும். பல ரிசீவர்கள் 6 ஓமுக்குக் கீழ் ஏற்காது. இன்னொன்று, ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டும் வெறும் சிக்னல்தான். சுவர் பிளக் இல்லாத உங்கள் பழைய சப்வூஃபர் அதில் ஊமை. சின்ன ஹாலுக்கு முன்பக்க இரண்டு ஸ்பீக்கரே போதும் என்பேன்.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து எம்எம்எஸ்ஒய்எஸ்.சிபிஎல் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, பச்சை ஓட்டைக்கான ஸ்பீக்கரை டிஃபால்ட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் டிவியை ஆன் செய்ததும் சத்தம் அங்கே ஓடிவிடலாம். உதட்டசைவுக்கு முன்பே குரல் வந்தால், டிவி படத்தைப் பதப்படுத்த நேரம் எடுக்கிறது என்று அர்த்தம். டிவியை கேம் மோடில் போடுங்கள், மிச்சத்தை விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகளால் சரிசெய்யலாம்.

இனி இரைச்சல். மவுஸை நகர்த்தும்போது கிரீச்சிட்டால் கணினிக்குள்ளிருந்து வரும் சத்தம், முன்பக்க ஓட்டையை விட்டுப் பின்பக்கத்துக்கு மாறுங்கள். ஒரே சீராக 'ம்ம்ம்' என்றால் எர்த் சுற்று. கணினிக்கு மூன்று பின் பிளக்கில் எர்த் இருக்கிறது. ஆஸ்ட்ரோ சேட்டலைட் டிவி சட்டியிலிருந்து வரும் கோஆக்ஸ் வயர் இன்னொரு எர்த்தை டிகோடர் வழியாக டிவிக்குள் கொண்டுவரலாம். அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் கரண்ட்தான் காதில் விழுகிறது. கோஆக்ஸைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியும் அடங்கவில்லையா, 3.5 வயருக்கு நடுவே எர்த் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாட்டு.

சாயங்கால இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையும் கோஆக்ஸையும் இண்டர்நெட் வயரையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.