குருவியின் பேரைச் சொல்லி ஒரு வசூல்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அயர்லாந்தில் டிசம்பர் 26ஆம் தேதி ஒரு சின்னக் குருவியின் பேரைச் சொல்லி வைக்கோல் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதம் அதிகம். நம் பாலக்காட்டு எல்லையிலிருந்து இத்தனை பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு அங்கே போயிருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. ஆகவே இந்த முறை அரசியல், சினிமா, சர்க்கரை வியாதி எல்லாவற்றுக்கும் லீவு.

கொழிஞ்சாம்பாறை வாசகி: என் மகள் அயர்லாந்தில் கெர்ரி மாவட்டத்தில் நர்ஸாக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தவளை யாரோ கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். திறந்தால் தலை முதல் முழங்கால் வரை வைக்கோல் மூடிய நாலைந்து பேர், கையில் மேளம். பயந்து கதவைச் சாத்திவிட்டாளாம். பக்கத்து வீட்டுப் பாட்டி அப்புறம் வந்து, “ஏன் சாத்தினாய், எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் நம் தெருவுக்கு வந்தார்கள்” என்று ரொம்ப வருத்தப்பட்டாராம். இது என்னங்க ஐயா, சாமியா, பேயா, பிச்சையா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு அம்மா.

டிசம்பர் 26 அங்கே புனித ஸ்டீபன் நாள், அரசு விடுமுறை. அதே நாளுக்கு இன்னொரு பேர் ரென் டே. ஐரிஷ் மொழியில் ‘லா அன் த்ரோலீன்’, ரென் குருவியின் நாள். அந்தக் குருவியை நீங்கள் பார்க்க வேண்டும்: பழுப்பு நிறம், தூக்கி நிறுத்திய வால், எடை பத்து கிராம் அளவுதான். பழைய தடித்த அஞ்சு ரூபாய் நாணயம் 9 கிராம். அதைக் கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான் குருவி. ஆனால் தொண்டையைத் திறந்தால் தோட்டமே அதிரும்.

பழைய காலத்தில் பையன்கள் கம்பை எடுத்துக்கொண்டு வேலிப் புதரெல்லாம் அடித்து இந்தக் குருவியைத் துரத்திக் கொல்வார்கள். ஹாலி என்ற முள்ளிலைச் செடியின் கொப்பில் அதைக் கட்டி, ரிப்பன் தொங்கவிட்டு, கம்பில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். கோட்டுச் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார்கள், முகத்தில் கரி பூசுவார்கள், சிலர் பெண் வேஷம், சில ஊர்களில் வைக்கோல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாட்டு. பறவைகளுக்கெல்லாம் ராஜாவான ரென் ஸ்டீபன் நாளில் முட்புதரில் அகப்பட்டது, அதைப் புதைக்கக் காசு கொடுங்கள் என்பது அதன் சாரம். கொடுத்தவர்களுக்குச் சில இடங்களில் ஒரு இறகு கிடைக்கும். அது வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். பக்கத்திலிருக்கும் மேன் தீவில் மீனவர்கள் அந்த இறகைப் படகில் வைத்துக்கொண்டால் படகு உடையாது என்று நம்பினார்கள். கொடுக்காத வீட்டுக்கு மிரட்டல்: குருவியை உன் வீட்டருகிலேயே புதைப்போம், வருஷம் முழுக்க உனக்கு விளங்காது. பத்து கிராம் குருவியைப் புதைக்க ஊர் முழுக்க வசூலா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் காசு சாராயத்துக்கும் சாப்பாட்டுக்கும், பிற்பாடு யாராவது ஒருவர் வீட்டில் விடிய விடிய நடக்கும் நடனத்துக்கும் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் மகள் பயந்ததில் தப்பே இல்லை. வருகிறவரின் முகம் தெரியாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டு. ஆனால் முகமூடிக்குள் இருப்பவன் நம்ம ஊர்க்காரன்தான் என்ற தைரியம் வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும். போன வருஷம் குடிவந்த பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

வேலந்தாவளம் வாசகர்: ராஜா என்று பாடிக்கொண்டே அதைக் கொல்வது என்ன நியாயம் சார்?

நியாயம் ஒன்றும் இல்லை, கதைகள்தான் உண்டு.

யார் உயரப் பறக்கிறாரோ அவரே ராஜா என்று பறவைகள் போட்டி வைத்தனவாம். கழுகு எல்லாரையும் தாண்டி மேலே போய்க் களைத்து நின்றபோது, அதன் இறகுக்குள் ஒளிந்திருந்த ரென் வெளியே வந்து இன்னும் கொஞ்சம் மேலே பறந்துவிட்டது. ராஜாப் பட்டம் அப்படி வந்தது. கொலைக்கு வேறு கதை: கிறிஸ்தவத்துக்காக முதலில் உயிர் விட்ட புனித ஸ்டீபன், எதிரிகளுக்குப் பயந்து புதரில் ஒளிந்திருந்தபோது குருவி சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொன்று, ஐரிஷ் படை இரவில் சத்தமில்லாமல் எதிரியை நெருங்கும்போது குருவி மேளத்தின் மேல் உட்கார்ந்து கொத்தி, தூங்கிய எதிரியை எழுப்பிவிட்டது. அந்த எதிரி ஒருவர் சொன்னால் வடக்கிலிருந்து வந்த வைக்கிங் கடற்கொள்ளையர், இன்னொருவர் சொன்னால் அயர்லாந்தின் மேல் படையெடுத்த இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் ஆட்கள். யார் மேல் கோபமோ அவனைக் கதைக்குள் போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே தெரிகிறது, காரியம் முதலில் இருந்தது, காரணம் பின்னால் ஒட்டவைத்தது. லீவு நாள், கையில் கம்பு, பையன்கள் கூட்டம். நாம் ஓணானை அடித்ததற்கும் ராமருக்குத் தண்ணீர் தராத கதை ஒன்று கையில் வைத்திருந்தோமே, அந்த மாதிரி.

எதிர்ப்பும் அன்றே இருந்தது. 1845இல் கார்க் நகர மேயர் ரிச்சர்ட் டௌடன் ரென் வேட்டைக்குத் தடை போட்டார். 1976இல் வந்த வனவுயிர்ச் சட்டத்தில் ரென்னுக்கும் பாதுகாப்பு உண்டு. இப்போது கம்பில் இருப்பது பொம்மைக் குருவி, இல்லையென்றால் வெறும் இலைக்கொப்பு.

பொள்ளாச்சி வாசகர்: கொலையை விட்டார்கள் சரி, வழக்கம் ஏன் தேய்ந்தது? டிவிதானே காரணம்?

டிவி மேல் பழி போடுவது சுலபம். அதற்கு முன்னாலேயே மூன்று ஓட்டை விழுந்துவிட்டது.

முதல் ஓட்டை, ஆள் இல்லை. 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வேலை தேடிப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகையே 28 லட்சம்தான். போனவர்கள் யார்? வேஷம் கட்டுகிற வயசுப் பிள்ளைகள். அப்புறம் 1935இல் வந்த நடனக்கூடச் சட்டம். பொது நடனத்துக்குக் கோர்ட்டில் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சொன்ன சட்டத்தை, பாதிரியார்களும் போலீசும் வீட்டு நடனங்கள் மேலும் பாய்ச்சினார்கள். வசூல் காசில் நடக்கும் ராத்திரி ஆட்டத்துக்கே பயம் வந்தால், காலையில் குளிரில் சுற்றுவதற்கு எவன் வருவான்?

மூன்றாவதை நம் வயல்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். வேஷத்துக்கு நீள வைக்கோல் வேண்டும், முறியாமல், தாள் தாளாக. பெரிய அறுப்பு மெஷின் உள்ளே விழுங்கித் துப்பும் வைக்கோல் நொறுங்கித்தான் வெளியே வரும். சித்தூர் வயலில் மெஷின் இறங்கினபிறகு ஒரு பிரி முறுக்க நல்ல வைக்கோல் கிடைக்கிறதா, சொல்லுங்கள்.

ஆனாலும் முழுசாகச் சாகவில்லை. கெர்ரியில் டிங்கிள் என்ற கடலோர ஊரில் இன்றும் டிசம்பர் 26 மதியம் கிளம்புகிறது. அங்கே ஊரே சேர்ந்து ஒரு குழு இல்லை, தெருவுக்கொரு குழு: கோட் ஸ்ட்ரீட், ஜான் ஸ்ட்ரீட், கடல்துறைக்காரர்கள், பச்சை-தங்கம் என்ற நிறத்தையே பேராக வைத்தவர்கள். புல்லாங்குழலும் மேளமும் முழங்க, வைக்கோல் ஆட்கள் நடுவில் வாயைத் திறந்து மூடும் மரத்தலைக் குதிரை ஒன்று வரும், வெள்ளைப் பெண்குதிரை என்று பேர். வசூல் இப்போது தர்ம காரியத்துக்குப் போகிறது. தெருவுக்குத் தெரு போட்டி இருப்பதால்தான் அங்கே நிலைத்தது என்பது என் எண்ணம். மேலத்தெருத் தேருக்குக் கீழத்தெருக்காரன் விட்டுக்கொடுப்பானா? அதே மாவட்டத்தில் லிஸ்டோல் ஊரில் செப்டம்பர் விழாவில் மேடை போட்டு ரென் வேஷக்காரர்களுக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு, நடுவர் எல்லாம் உண்டு. நல்ல காரியம்தான், ஆனால் செப்டம்பரில் மேடையில் ஆடுபவரைப் பார்த்து எந்த வீட்டுக்காரர் யாரென்று ஊகிக்க உட்கார்ந்திருப்பார்?

ஒரு விஷயம் மட்டும் இந்த வழக்கத்திலிருந்து தப்பித்து உலகம் சுற்றியது. போரான் என்ற ஆட்டுத்தோல் மேளம், நம் தப்பட்டை மாதிரி ஒரு பக்கம் மட்டும் தோல். இன்று ஐரிஷ் இசை என்றாலே அது. முன்பு பல ஊர்களில் அதைப் பரணிலிருந்து இறக்குவதே ரென் நாளுக்குத்தான். 1960களில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் தன் குழுவில் அதை உட்கார வைத்தார். அதோடு அதன் ஜாதகம் மாறிவிட்டது.

நல்லேப்பிள்ளி வாசகர்: நம் பக்கம் இதற்கு ஈடாக ஏதாவது உண்டா?

உண்டு தம்பி, அதே குளிர் மாதத்தில்.

என் அம்மா வீடு ஒற்றப்பாலம் பக்கம். தனு மாதத் திருவாதிரை, நமக்கு மார்கழி ஆருத்ரா, இரண்டும் ஒரே நட்சத்திரம். பெண்கள் விடிவதற்கு முன்பே குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையால் அடித்துப் பாட்டோடு குளிப்பார்கள். பையன்களுக்கு அன்று சோழி என்ற வேஷ ஆட்டம். காய்ந்த வாழைச்சருகை உடம்பு முழுக்க வைத்து நாரால் கட்டி, பாக்கு மட்டையில் கண்ணும் வாயும் வெட்டி முகத்தில் மாட்டி, வீடு வீடாக வருவார்கள். கூட்டத்தில் ஒருவன் காலன், ஒருவன் கிழவி.

எனக்கு ஏழு வயது. முதலில் சத்தம்தான் வரும், நூறு பேர் காகிதம் கசக்குவது மாதிரி சருகுச் சத்தம். அப்புறம் சருகின் புழுங்கல் வாசனை. நான் பாட்டியின் முந்தானைக்குள். காலன் திண்ணையில் ஏறி என் பக்கம் குனிந்தபோது அவன் காலைப் பார்த்தேன்: வலது கட்டைவிரலில் நகம் இல்லை. மாடு மிதித்து நகம் போன என் மாமாவின் கால்! “மாமா” என்று கத்திவிட்டேன். பாட்டி என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே. காலன் ஒன்றும் பேசவில்லை, தேங்காயையும் அரிசியையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். மதியம் புழுக்கு என்ற திருவாதிரைக் கிழங்குக் கூட்டு சாப்பிட வந்த மாமா, காலையில் யாராவது வந்தார்களா என்று என்னிடமே கேட்டார். ஆமாம் காலன் வந்தான் என்று பாட்டி பதில் சொன்னாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், நானும் ஆமாம் என்றேன்.

இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை, மாமா மகன் துபாயில். சோழி சில இடங்களில் சாயங்காலம் கோயில் விழா ஊர்வலத்தில் நடக்கிறது, வாழைச்சருகு அப்படியே இருக்கிறது. வாசலுக்கு வருவது குறைந்துவிட்டது.

சித்தூர் ஆசிரியை ஒருவர்: இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்களா, இல்லை பெரியவர்கள் சொல்லிக் கேட்டதா?

உங்கள் தொழில்காரர்கள்தான் டீச்சர் அதைச் செய்தது. அயர்லாந்தில் 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அரசு அமைத்தது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில் ஏறக்குறைய 50,000 பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்தார்கள்: வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேள், நோட்டில் எழுது. பதினொன்று முதல் பதினாலு வயசுப் பிள்ளைகள். வைத்தியம், பேய்க்கதை, பண்டிகை, ரென் நாள் எல்லாம் அதில் வந்தது. இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது, இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள், யாரும் படிக்கலாம்.

ரென் பற்றிய பக்கங்களில் எனக்குப் பிடித்தது, தத்துவத்தில் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாததுதான். என்ன உடுத்தினார்கள், என்ன பாடினார்கள், காசை என்ன செய்தார்கள், அவ்வளவுதான் எழுதுகிறார்கள். பெரியவர்கள் இன்று நினைத்துப் பேசுவதும் ஏறக்குறைய அதையேதான். குளிர்கால இருட்டை விரட்டும் சடங்கு என்றெல்லாம் பேசுவது நம்மைப் போல வெளியிலிருந்து எழுதுகிறவர்கள்.

உங்கள் எட்டாம் வகுப்புக்கு வருகிற திருவாதிரை லீவில் ஒரு நோட்டு கொடுத்துப் பாருங்களேன். சோழி கட்டியவர்களுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். கன்னட அம்மா, தெலுங்குத் தாத்தா, மலையாளப் பாட்டி என்று உங்கள் வகுப்பில் எல்லாம் கலந்துதான் இருக்கும். எந்த மொழியில் சொன்னார்களோ அதையே தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், பிழை திருத்த வேண்டாம்.

மறுபடியும் கொழிஞ்சாம்பாறை வாசகி, அதே கடிதத்தின் கடைசி வரி: அடுத்த வருஷம் வந்தால் அவள் என்ன செய்ய வேண்டும்?

சில்லறை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு யூரோ நாணயம் போதும். மறுபடி படுத்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம், டியூட்டி மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. பக்கத்து வீட்டுப் பாட்டியையும் முன்கூட்டியே வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்க்காமல் காலில் போட்டிருக்கும் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவேளை அவளோடு வார்டில் வேலை செய்யும் யாருடையதாவது இருக்கும். இருந்தாலும் பேரைச் சொல்ல வேண்டாம்.