கால்பந்து ஆடியே பழக்கமில்லாத ஒருவர் நடுநிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சியாளராக இருக்க முடியுமா?

முடியும். நான் இருந்திருக்கிறேன். ஒரு பருவம், 12 ஆட்டங்கள்: 4 வெற்றி, 2 சமன், 6 தோல்வி. அந்த ஆறில் முதலாவது 0–7. ஐந்தாவது கோல் விழுந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் இரக்கப்பட்டுத் தன் நல்ல ஆட்டக்காரிகளை வெளியே எடுத்துவிட்டார். அப்புறமும் இரண்டு விழுந்தன. வெற்றிக் கதை கேட்க வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் புறநகர் ஒன்றில். அந்த நாட்டின் தொழில்முறை லீக்கில் கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய மைதானம் 1999-இல் எழுந்தது இந்த ஊரில்தான். சனிக்கிழமை காலையில் பூங்காப் பக்கம் போனால் நடை பழகிய குழந்தை முதல் தாத்தா வரை பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் உதைத்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் கபடியும் கோ-கோவும் ஆடியவள் நான். அங்கே இருந்த ஒரே கால்பந்து ஆண் பிள்ளைகளுடையது. பாதி நாள் அதிலும் காற்று இருக்காது. இங்கே பள்ளிகளில் பெண்களுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்று 1972-இலேயே சட்டம் வந்துவிட்டதால், பையன்களுக்கு ஓர் அணி இருந்தால் பெண்களுக்கும் ஒன்று இருக்கும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்கள் அணியின் பயிற்சியாளரான ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போனார். ஒருவரும் முன்வராவிட்டால் இந்த ஆண்டு அணி கிடையாது என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஏழாம் வகுப்பில் இருந்த என் மகள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கைரேகை எடுத்தார்கள். முதலுதவி வகுப்பு, நெஞ்சை அழுத்தி மூச்சு மீட்கும் வகுப்பு, திடீர் மாரடைப்பு பற்றி ஒரு பாடம், தலையில் அடிபடுவது பற்றி இன்னொரு பாடம், அதன்பின் மாநில அனுமதி. பந்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்போது அது வேடிக்கையாக இருந்தது. பருவம் முடிந்தபோது, அவர்கள் சரியான பாடங்களைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

பிள்ளைகளின் பெயரை எழுதமாட்டேன். சட்டை எண்ணால் குறிப்பிடுகிறேன். எண் 9 என்னைவிட உயரம். எண் 14-க்குக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும். இருவரும் ஒரே வகுப்பு. 12 வயதிலிருந்து 14 வரை ஒரு பிள்ளையின் உடம்பு எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் பந்தை அழகாக எடுத்துப்போனவள் இந்த மாதம் கால் நீண்டுவிட்டதால் தடுக்கி விழுவாள். இரண்டாவது வாரம் ஒரு பெண் குதிகால் வலிக்கிறது என்றாள். சாக்கு என்று நினைத்து ஓடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்தாள். குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு இந்த வயதில் இன்னும் மூடியிருக்காது, ஓட்டமும் குதிப்பும் கூடினால் அது புண்பட்டு வலிக்கும், ஓய்வு கொடுத்தால் தானாகவே சரியாகும் என்று அவள் அம்மா மருத்துவரின் குறிப்போடு வந்து சொன்னார். கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

உதைக்கத் தெரியாத நான் என்ன கற்றுக்கொடுத்தேன்? முதல் ஆட்டத்தின் காணொளியை அன்றிரவு போட்டுப் பார்த்தேன். வெல்லக்கட்டியில் எறும்பு மொய்ப்பது போல பந்து இருக்கும் இடத்தில் எங்கள் பத்துப் பேரும் இருந்தார்கள். மற்ற இடமெல்லாம் வெட்டவெளி. இவர்களில் பலர் சிறு வயதுப் போட்டிகளில் ஒன்பது பேர் அணியில், சிறிய மைதானத்தில் ஆடியவர்கள். பதினொரு பேர் ஆடும் முழு மைதானம் அவர்களுக்குப் பாலைவனம் மாதிரி. அப்போது எனக்குக் கபடி நினைவுக்கு வந்தது. பாடி வருபவனைப் பிடிக்க இரண்டு பேர் கை கோத்துச் சங்கிலி போடுவோம் அல்லவா? ஒருத்தி முன்னே போனால் அடுத்தவளும் போக வேண்டும். கை விட்டால் சங்கிலி அறுந்தது. மறுநாள் துணி உலர்த்தும் கயிறு ஒன்றை வாங்கிப் போனேன். தடுப்பாட்டக்காரிகள் நான்கு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு, பந்து இடப்பக்கம் போனால் சேர்ந்து இடப்பக்கம், முன்னே போனால் சேர்ந்து முன்னே. ஒரு வாரம் இதே வேலை. அடுத்த வாரம் கயிற்றை எடுத்துவிட்டேன். கைகள் மட்டும் கயிறு இருப்பது போலவே நீண்டிருந்தன. ஆஃப்சைடு, அதாவது எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி, என்றால் என்ன என்பதும் அந்தக் கயிற்றால்தான் அவர்களுக்குப் புரிந்தது. சொல்லப்போனால் எனக்கும். கால்பந்துப் பயிற்சியில் கயிறு பிடிப்பது பழைய உத்தி என்று பிறகு ஒரு தகப்பனார் சொன்னார். இருக்கட்டும், நான் ஊரிலிருந்து எடுத்துவந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, யார் கேட்டாலும் தவறாமல் சொல்வது: ஃபிஃபாவின் ‘11+’ என்ற உடல் சூடேற்றும் பயிற்சி. 15 உடற்பயிற்சிகள், 20 நிமிடம். ஒரு பைசா செலவில்லை. பருவ வயதுப் பெண்களுக்கு முழங்காலுக்குள் இருக்கும் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்கப் பழகுவதே அதற்குப் பாதி மருந்து. பிள்ளைகளுக்கு இது வேப்பங்காய். பந்து எங்கே, பந்து எங்கே என்பார்கள். நான் விடவில்லை.

பையில் பந்தோடு சானிட்டரி நாப்கின்களும் வைத்திருந்தேன். எங்கே இருக்கிறது என்று முதல் நாளே எல்லோருக்கும் காட்டிவிட்டேன். கேட்டு வாங்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஆட்ட விதிப்படி சொந்த மைதானத்தில் ஆடும் அணி வெள்ளைச் சட்டையும் வெள்ளை சாக்ஸும் அணிய வேண்டும். காற்சட்டைக்கு அந்தக் கட்டாயமில்லை, ஆனாலும் எங்களுக்கு வெள்ளையே கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்துப் பெண்கள் அணியே 2023-இல் வெள்ளைக் காற்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறிவிட்டது என்று பள்ளிக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் கறுப்பு வந்தது. பருவம் முழுவதிலும் நான் போட்ட ஒரே கோல் இதுதான் என்பது என் கணவரின் கருத்து.

இனி, இந்தப் பதிலை எழுத உட்கார்ந்த காரணம்.

எங்களிடம் 19 பேர். ஆட்டம் முப்பது முப்பது நிமிடமாக இரண்டு பாதி. கோல் கீப்பர் ஒருத்தி முழுநேரம் நிற்கட்டும். மீதிப் பத்து இடத்துக்கு 600 நிமிடம். அதை 18 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 33. நான் கணக்கர், இது எனக்குத் தெரிந்த வேலை. பள்ளி ஆட்டத்தில் வெளியே எடுத்தவளை மறுபடி இறக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பெற்றோர் கூட்டத்தில், யாருக்கும் 33 நிமிடத்துக்குக் குறையாது என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். எண் 9-இன் அப்பாவும் தட்டினார்.

நான்காவது ஆட்டத்தில் எண் 6-உம் எதிரணிப் பெண்ணும் ஒரே பந்துக்கு எம்பித் தலையும் தலையும் மோதிக்கொண்டார்கள். எழுந்து நின்று சிரித்தாள். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். போன வார ஆட்டத்தின் கோல் கணக்கைச் சொன்னாள். உட்கார வைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அவள் அம்மா வந்து, நன்றாகத்தானே இருக்கிறாள், அனுப்புங்கள் என்றார். 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவன் தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு; மீண்டும் பேச அவனுக்கு மாதங்கள் ஆயின, எழுந்து நிற்க ஆண்டுகள் ஆயின. 2009-இல் அங்கே அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாக வந்து, ஒஹாயோவில் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. சந்தேகம் என்றாலே வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. பிறகும் மருத்துவ அனுமதி எழுத்தில் வேண்டும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் நான் விளக்கவில்லை. சட்டம் விடாது என்று மட்டும் சொன்னேன். சில நேரம் சட்டத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நல்லது.

எண் 6 நான்கு வாரம் ஆடவில்லை. தலைவலி நின்ற பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாத பெண். நோட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். யார் எந்த நிமிடம் உள்ளே, எந்த நிமிடம் வெளியே என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். நான் செய்யாத ஒன்றையும் செய்தாள்: கூட்டிப் பார்த்தாள்.

ஏழாவது ஆட்டம் முடிந்து காரில் வரும்போது பின் இருக்கையிலிருந்து மகள் கேட்டாள்: “யாருக்கும் 33-க்குக் குறையாது என்றாய் அல்லவா? எனக்கு சராசரி 26.”

அப்படி இருக்காது என்றேன்.

“எண் 6 கூட்டினாள். 7 ஆட்டத்தில் 182 நிமிடம். 49 நிமிடம் பாக்கி வைத்திருக்கிறாய்.”

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். எண் 9-இன் சராசரி 39. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டாம் பாதியில் ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது, இன்னும் ஐந்து நிமிடம் அவள் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அந்த ஐந்தை ஒருத்தியிடமிருந்து எடுத்தாக வேண்டும். அடுத்தவர் பிள்ளையிடம் எடுத்தால் கேள்வி வரும். என் பிள்ளையிடம் எடுத்தால் வராது. மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் உள்ளே இருந்தது. நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததன் செலவை ஏழு ஆட்டமாக அவள் கணக்கில் எழுதியிருக்கிறேன். இருபது ஆண்டுகளாகப் பிறர் கணக்கில் இப்படிப்பட்டதைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன்.

இதற்கிடையில் நாங்கள் ஜெயிக்கவும் தொடங்கியிருந்தோம். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கயிறு பாதி, பிள்ளைகள் வளர்ந்தது பாதி. ஒரு நாள் இடி முழங்கியது. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியாமல் மைதானத்தில் இறங்கக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுக்குள் அடைந்து கிடந்தோம். ஆட்டத்தின் நடுவே என்னை மறந்து நான் கத்தும் “விடாதே! விடாதே!” என்பதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் கேட்டார்கள். சொன்னேன். மறுபடி இறங்கியபோது 18 அமெரிக்கப் பெண்களும் என் மகளும் அதைத்தான் கத்திக்கொண்டு ஓடினார்கள். ளகரமும் ழகரமும் இல்லாத சொல்லாகப் போனது என் அதிர்ஷ்டம்.

கடைசி ஆட்டம். 1–1. எட்டு நிமிடம் இருக்கிறது. பந்து வெளியே போய் எங்களுக்கு த்ரோ, ஆளை மாற்றலாம். நோட்டில் எண் 9-க்கு 33 நிமிடம் ஆகிவிட்டது. எண் 14-க்கு 25. எண் 9-ஐக் கூப்பிட்டு உட்கார வைத்து எண் 14-ஐ இறக்கினேன். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. கோல் விழுந்தது மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து. அவள் அங்கே இல்லவே இல்லை. ஆனால் எண் 9 இருந்திருந்தால் அந்தப் பந்து அவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். 1–2.

எண் 9-இன் அப்பா வேலி ஓரமாக நின்றிருந்தார். “இன்று உங்கள் நோட்டுப் புத்தகம் ஜெயித்துவிட்டது” என்றார். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தொழில்முறை ஆட்டமாக இருந்தால் அவர் பக்கம்தான் நியாயம். 13 வயதில், பள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு, வாரத்துக்கு நான்கு மாலை வந்த ஒருத்தியிடம், கடைசி எட்டு நிமிடம் உனக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை ஒருமுறை வீட்டில் சொல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆசிரியை திரும்பி வருகிறார். வரும் பருவத்துக்குத் துணைப் பயிற்சியாளராக இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டேன். கயிறும் நோட்டுப் புத்தகமும் என் பொறுப்பு. அதில் ஒரு வரியை மட்டும் எண் 6 எழுத வேண்டும், நான் தொடக் கூடாது என்று மகள் நிபந்தனை போட்டிருக்கிறாள்.