அப்பாவின் மதில் சுவரை ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: டர்பனில் சிவில் பொறியியல் நான்காண்டுப் படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். பட்டதாரிப் பயிற்சி வேலை கேட்டு மூன்று பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது நிறுவனம் இணையவழித் தேர்வுக்கும் அதன்பின் நேர்காணலுக்கும் அழைத்திருக்கிறது. எனக்கு சைட் அனுபவம் கிடையாது. விடுமுறைகளில் அப்பாவுக்கு உதவியதோடு சரி. மதில் சுவர், வராந்தா, கார் நிறுத்தும் தளம் என்று சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்பவர் அவர். அதை விண்ணப்பத்தில் எழுதவில்லை. ‘பெரிய கம்பெனியில் நம்மவர்களுக்கு இடமில்லை’ என்று மாமா வேறு சொல்கிறார். தொலைதூர சைட்டுக்குப் போகச் சொன்னால் என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை. விண்ணப்பத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: நகலைப் படித்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க மென்பொருள்களின் பெயர்கள், பாடவாரியாக மதிப்பெண்கள், நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட் பற்றிய இறுதியாண்டு ஆய்வு. ஒரு வடிவமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் நல்ல விண்ணப்பம்தான். நீங்கள் அனுப்பியதோ கட்டுகிறவர்களுக்கு. வரைபவர் கேட்கும் கேள்வி ‘இது நிற்குமா?’ கட்டுபவர் கேட்கும் கேள்வி ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா, எத்தனை பேர் வேண்டும், மாதக் கடைசியில் எவ்வளவுக்கு பில் போடலாம்?’ உங்கள் இரண்டு பக்கத்திலும் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி பதில்கூட இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சைட்டில் இருந்து, கடைசி சில ஆண்டுகள் நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு இடங்களில் பதில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது, நீங்கள்தான் ஒளித்துவைத்தீர்கள். அப்பாவுடன் செய்த வேலையைக் கடிதத்தின் நடுவில் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ‘தந்தைக்கு உதவினேன்’ என்று எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள். கணக்கோடு எழுதுங்கள். 12 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரத்தில் ஒரு பிளாக் மதில் என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரம் 600 மில்லிமீட்டர் அகலம், 250 மில்லிமீட்டர் ஆழம்; கான்கிரீட் 1.8 கன மீட்டர், சேதாரத்தோடு 2 கன மீட்டர். சுவரின் பரப்பு 21.6 சதுர மீட்டர். 390 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாக் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை வீதம் 270, உடைசலுக்கு இருபது சேர்த்து 290. இதை நீங்களே கணக்கிட்டு, கடையில் விலை பேசி, லாரி வரும் நாளில் கொத்தனாரை வரவழைத்து, மழையால் இரண்டு நாள் போனதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அதுதான் சைட் அனுபவம். பெரிய நிறுவனம் செய்வதும் இதே வேலைதான், பூஜ்யங்கள்தான் கூடுதல். எந்த வேலையை நீங்கள் செய்தீர்கள், எதை அப்பா செய்தார் என்பதை மட்டும் பிரித்து எழுதுங்கள். மிகைப்படுத்தினால் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள்.

விண்ணப்பம் போய்விட்டதே என்று கவலை வேண்டாம். திருத்திய பிரதிகள் மூன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். குழுவில் பெரும்பாலும் மனிதவளத் துறையிலிருந்து ஒருவரும் ஒப்பந்த மேலாளர் ஒருவரும் இருப்பார்கள். சில சமயம் சைட்டைப் பொறுப்பேற்று நடத்தும் சைட் ஏஜென்ட் ஒருவரும் பூட்ஸில் மண்ணோடு வந்து உட்காருவார். என் அனுபவத்தில் அந்த மூன்றாமவரின் தலையசைப்புக்குத்தான் எடை அதிகம். சைட்டில் மொழியும் உதவும். வேலையாட்களோடு ஸூலுவில் பேச வருமென்றால் அதையும் எழுதுங்கள். வராவிட்டால் வருமென்று எழுதாதீர்கள், குழுவில் ஒருவர் ஸூலுவிலேயே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார்.

ஒரு திருத்தம். பெயருக்குக் கீழே ‘தொழில்முறைப் பொறியாளர்’ என்று போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் எண் சட்டத்தின்படி, எக்சா என்று நாம் சொல்லும் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவு செய்தவர்களுக்கே அந்தப் பட்டம் உரியது. படிப்பை முடித்ததும் நீங்கள் பதியக்கூடியது பயிற்சிநிலைப் பொறியாளராக. அதன்பின் குறைந்தது மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும். ஆகவே ‘உங்களுக்கு ஏதாவது கேட்கவேண்டுமா?’ என்று அவர்கள் சொல்லும்போது தலையாட்டிவிட்டு எழுந்து வராமல், என் பயிற்சிக்கு எந்தப் பதிவுபெற்ற பொறியாளர் வழிகாட்டுவார், மன்றத்தோடு உங்களுக்குப் பயிற்சி உடன்பாடு இருக்கிறதா, மூன்றாண்டில் சைட், திட்டமிடல், அளவுக் கணக்கு என்று எங்கெங்கே மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் நீங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே மூலையில் சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கியூப்களை எண்ணிக்கொண்டிருக்க நேரும்.

இணையவழித் தேர்வில் எண், சொல், வடிவம் என்று மூன்று வகைக் கேள்விகள் வரும். இதில் அறிவைவிட வேகம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நாளுக்கு அரைமணி கடிகாரம் வைத்துப் பழகினால் போதும். மின்வெட்டு ஓய்ந்துவிட்டது என்று நம்பாமல் மடிக்கணினிக்கு முழுச் சார்ஜ் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு வருவோம். அதில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி ஏற்கெனவே நடந்ததைப் பற்றியது, பாதி நடக்கக்கூடியதைப் பற்றியது. ‘நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்’ என்பது முதல் வகை. ‘நான் எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பதுதான் என் குறை’ என்று இன்னும் ஒருவர் என் முன்னால் சொன்னால் மேசையை விட்டு எழுந்துவிடுவேன். உண்மையான தவறைச் சொல்லுங்கள். நூல் பிடிக்கும்போது மட்டம் பிசகி இரண்டு வரிசை பிளாக்கைப் பிரித்தீர்களா? யார் கண்டுபிடித்தார், எவ்வளவு செலவானது, அடுத்த முறை எதை மாற்றினீர்கள்? நாலு வாக்கியம் போதும்.

இரண்டாம் வகையில் இப்படி ஒன்று கேட்பார்கள்: ‘ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி என்3 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி மிகவும் தாமதமாக வருகிறது. கலவை இறுகத் தொடங்கியிருக்கிறது. ஓட்டுநர் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?’ தண்ணீர்–சிமென்ட் விகிதம் ஏறினால் வலிமை இறங்கும் என்று பாடம் ஒப்பித்தால் பாதி மதிப்பெண்தான். அனுப்பு ரசீதில் கலந்த நேரத்தைப் பார்ப்பேன், கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனை எடுப்பேன், விவரக்குறிப்பின் எல்லைக்கு வெளியே இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புவேன், அடுத்த லாரி வரும்வரை கான்கிரீட்டை எங்கே நிறுத்தி இணைப்பு விடலாம் என்று ஃபோர்மேனிடம் பேசுவேன், நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவைப்பேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். மேலதிகாரியை எந்தக் கட்டத்தில் அழைப்பீர்கள் என்பதைச் சேர்க்க மறக்கவேண்டாம். பயிற்சியாளர் தனியாக முடிவெடுப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மறைக்காமல் இருப்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இதைவிடக் கடினமானது ஃபோர்மேன் கேள்வி: ‘முப்பது வருட அனுபவமுள்ள ஃபோர்மேன் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.’ உங்களைப் போன்ற இளம்பெண்ணிடம் இதை இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். அது நியாயமா என்று விவாதிக்கலாம், நேர்காணல் அறையில் வேண்டாம். பதிலை இரண்டாகப் பிரியுங்கள். விஷயம் தரமோ முறையோ என்றால் ஆட்கள் முன்னால் வாதாடாமல், வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தனியே அழைத்து, ‘இதை எனக்குக் கொஞ்சம் விளக்குங்கள்’ என்று தொடங்குவேன். அவர் சரியாகவும் நான் தவறாகவும் இருப்பதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. விஷயம் உயிர் என்றால், கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளை முன்கூட்டியே பிரிக்கிறார் என்றால், அங்கேயே, அப்போதே நிறுத்தச் சொல்வேன்.

இந்தப் பதிலுக்கு நம் நாட்டிலேயே அடிப்படை இருக்கிறது. 2013 நவம்பர் 19 அன்று டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். வேலையை நிறுத்த மாநகராட்சி நீதிமன்ற ஆணையே வாங்கியிருந்தது. 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி சரிந்து 34 பேர் மாண்டார்கள். இந்த இரண்டைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்களாகக் கேட்காவிட்டால் நீங்களாக எடுக்கவேண்டாம்.

நிறுவனத்தைப் பற்றி என்ன படிப்பது? இணையதளத்தின் முகப்புப் படங்கள் போதாது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனமென்றால் ஆண்டறிக்கையில் கையிலுள்ள ஒப்பந்தங்களின் மதிப்பைப் பாருங்கள். இது அவர்களைக் கவர்வதற்காக மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவும்தான். மொசஸ் மாபிடா அரங்கத்தைக் கட்டிய கூட்டணியில் இருந்த குரூப் ஃபைவ் 2019இல், கடனில் மூழ்கும் நிறுவனத்தைக் காக்கும் வணிக மீட்பு நடவடிக்கைக்குப் போனது. 1902இல் தொடங்கிய மர்ரே அண்ட் ராபர்ட்ஸ் 2024இல் அதே வாசலில் நின்றது. பெரிய பெயர் என்பது காப்புறுதி ஆகாது.

மாமா சொன்னதற்கு வருகிறேன். 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் ஒரே முன்னுரிமைப் பிரிவில் சேர்த்துச் சொல்கிறது. பெண்களும் அதில் உண்டு. 2025 முதல் துறைவாரி இலக்குகளும் வந்துவிட்டன. மக்கள்தொகை விகிதத்தைப் பார்க்கும்போது எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு இடம் கிடைக்காது என்பது உண்மை. அதற்காக உங்களுக்குக் கதவே இல்லை என்பது மாமாவின் சலிப்பு. அழைப்புக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறதே!

தொலைதூர சைட்: தயக்கம் இருந்தால் இன்றே வீட்டில் பேசிவிடுங்கள், குழு முன்னால் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். என்2 வைல்ட் கோஸ்ட் சாலையில் 580 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் மசிகாபா பாலம், 223 மீட்டர் உயரத்தில் மடெண்டு பாலம் என்று இந்த நாட்டின் பெரிய வேலைகள் பலவும் ஊருக்கு வெளியேதான் நடக்கின்றன. ‘போகிறேன், தங்குமிடம் எப்படி, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வீடு வரலாம்?’ என்பது நல்ல பதில். ‘எங்கே வேண்டுமானாலும் போவேன்’ என்று சொல்லிவிட்டு வேலை கிடைத்ததும் அப்பாவைக் கொண்டு தொலைபேசவைத்து மறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தைப்பூசக் காவடி வேலையில் சேர்ந்த முதல் வாரங்களிலேயே வரும். அதை நேர்காணலில் பேசவேண்டியதில்லை. சட்டப்படி ஆண்டுக்கு 21 நாள் தொடர் விடுப்பு உண்டு, அதிலிருந்து முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு, பாதுகாப்பு உடைக்கு, பயிற்சிக்கு என்று யாராவது நிறுவனத்தின் பெயரில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடுக்கிறது. சைட்டுக்குள் நுழைய மருத்துவத் தகுதிச் சான்று தேவைதான், ஆனால் அதைப் பார்த்துக்கொள்வது நிறுவனம்.

கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு முதலில் தேர்வுக்குத் தேதி வாங்குங்கள். பஸ் போகாத இடங்களில்தான் நாங்கள் கட்டுகிறோம்.